இருளில் தொடங்கும் ஆண்டு

  

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலின் காற்றும் மழையும் ஓயாது மோதுகின்ற நிலங்களில், சில பழைய மொழிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அயர்லாந்தின் ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், வேல்ஸ் நாட்டின் வெல்ஷ், பிரான்சின் மேற்கு முனையில் வழங்கும் பிரெத்தோன் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. மொழிநூலார் இவற்றைக் கெல்ட்டிய மொழிகள் என்பர். இம்மொழிகளைப் பேசிய மக்கள் ஆண்டினை எவ்வாறு பகுத்தார்கள், பகுத்த எல்லைகளில் நின்று எதனை எண்ணிப் பார்த்தார்கள் என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

ஐரிஷ் மரபில் ஆண்டுக்கு நான்கு எல்லைக்கற்கள் உண்டு. நவம்பர் முதல் நாள் சௌவின். பிப்ரவரி முதல் நாள் இம்போல்க். மே முதல் நாள் பெல்ட்டேன். ஆகஸ்டு முதல் நாள் லூனசா. இவற்றுள் மூன்று பெயர்கள் இன்றைய ஐரிஷ் மொழியில் மாதப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. நவம்பர் மாதம் முழுவதற்கும் சௌவின் என்பதே பெயர். பிப்ரவரிக்கு மட்டும் இலத்தீன் வழிவந்த பெயர் அமைந்தது. ஆயினும் அதன் முதல் நாளைப் பிரிஜிட் என்னும் புனிதையின் திருநாளாக அம்மக்கள் கைவிடாமல் காத்துக்கொண்டனர்.

இந்த நான்கு நாட்களின் பழமைக்கு ஒரு காதற்கதை சான்றாக நிற்கிறது. கூ குலின் என்னும் வீரன் எமெர் என்னும் பெண்ணை மணம் வேண்டி வருகிறான். சுற்றியிருப்போர்க்கு விளங்காதபடி இருவரும் மறைபொருளாகவே உரையாடுகின்றனர். ஓராண்டு முழுதும் உறங்காதிருக்க வல்லவனுக்கே தன்னை அடையும் தகுதி உண்டு என்பது அவள் சொல்ல வந்த செய்தி. ஆனால் 'ஓராண்டு' என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை. சௌவின் முதல் ஆடுகள் பால் சுரக்கும் இம்போல்க் வரை, இம்போல்க் முதல் பெல்ட்டேன் வரை, பெல்ட்டேன் முதல் பூமி தன் விளைச்சலின் பாரத்தால் வருந்தத் தொடங்கும் நாள் வரை என்று எண்ணிக் காட்டுகிறாள். அந்த இறுதி நாள்தான் லூனசா. விளைச்சலைப் பூமியின் வருத்தமாகக் கண்ட அந்தச் சொல்லாட்சி நின்று எண்ணத்தக்கது. பயிர் முற்றுவதைப் பேறுகாலத்து நோவோடு ஒப்பிட்ட மக்கள், அறுவடை நாளில் மகிழ்ச்சியை மட்டும் கண்டிருக்க மாட்டார்கள்.

எமெரின் கணக்கு சௌவினில் தொடங்குவதையும் கருத வேண்டும். இலை உதிர்ந்து, பகல் குறுகி, குளிர் இறங்கும் வேளையே அவளுக்குத் தொடக்கம். இப்பழக்கம் அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. இன்றைய பிரான்சு நாட்டில் வாழ்ந்த கால் இனத்தார் காலத்தைப் பகல்களால் எண்ணாமல் இரவுகளால் எண்ணினர் என்றும், பிறந்தநாளையும் மாதப் பிறப்பையும் ஆண்டுப் பிறப்பையும் இரவு முன்னும் பகல் பின்னுமாகக் கொண்டனர் என்றும் அவர்களை வென்ற ஜூலியஸ் சீசரே தம் போர்க்குறிப்புகளின் ஆறாம் நூலில் எழுதியுள்ளார். பகைவன் எழுதிய குறிப்பு என்று இதனைத் தள்ளிவிட முடியாது. வெல்ஷ் மொழியில் வாரத்தைக் குறிக்கும் சொல்லைப் பிரித்தால் 'எட்டு இரவு' என்று வரும். இரண்டு வாரத்தைக் குறிக்கும் சொல்லில் 'பதினைந்து இரவு' இருக்கிறது. இன்றும் கார்டிஃப் நகரத்து அலுவலகத்தில் அடுத்த வாரம் கூட்டம் என்று வெல்ஷ் மொழியில் அறிவிப்பவர், தாம் அறியாமலே இரவுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கால் இனத்தாரின் கணக்குக்குக் கல்வெட்டை ஒத்த சான்று ஒன்றும் கிடைத்துள்ளது. 1897-ஆம் ஆண்டு பிரான்சின் கிழக்கே கொலின்யி என்னும் ஊரில், சுக்குநூறாக உடைந்த ஒரு வெண்கலப் பலகை மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டது. துண்டுகளை ஒட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஓர் ஐந்தாண்டு நாட்காட்டி தெரிந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது என்று கருதப்படும் அப்பலகையில் எழுத்து இலத்தீன். மொழி கால் இனத்தாரின் மொழி. மாதங்கள் திங்களின் வழியே செல்கின்றன. ஐந்தாண்டில் இரண்டு மிகைமாதங்களைச் சேர்த்து ஞாயிற்றின் ஆண்டோடு சரிசெய்திருக்கின்றனர். ஒவ்வொரு நாளுக்கும் அருகே முளை செருகுவதற்கு ஒரு சிறு துளை. ஒவ்வொரு மாதமும் நடுவில் இரண்டாகப் பிளக்கப்பட்டுள்ளது. மாதங்கள் நல்லவை, அல்லாதவை என்று குறிக்கப்பட்டுள்ளன என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. 'சமோன்' என்று தொடங்கும் ஒரு மாதத்தில் மூன்று இரவுகளுக்கென ஒரு குறிப்பும் காணப்படுகிறது. இந்தச் 'சமோன்' என்பதும் ஐரிஷ் மரபின் சௌவினும் ஒரு வேர்ச்சொல்லின் கிளைகள் என்பர். ஆனால் இரண்டும் ஒரே பருவத்தைத்தான் குறித்தனவா என்பதில் அறிஞர் இன்னும் வழக்காடுகின்றனர்.

இந்த எல்லை நாட்களை வகுத்தது எது? ஞாயிறு என்று விடை சொல்லத் தோன்றும், அது பொருந்தாது. பகலும் இரவும் ஒத்த நாட்களும், மிக நீண்ட பகலும் மிக நீண்ட இரவும் அமைந்த நாட்களும் இந்த நான்கில் எதனோடும் சேரவில்லை. அவற்றுக்கு இடையிலேயே இவை விழுகின்றன. அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில் நியூகிரேஞ்சு என்னும் பெருங்கற்கால ஈமமேடு இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 3200-இல் கட்டப்பட்டது. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலன்று, வாயிலுக்கு மேலுள்ள ஒரு திறப்பின் வழியே விடியற்கதிர் நுழைந்து உள்ளறையின் தரையைத் தொடுகிறது. அகழாய்வை நடத்திய பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று இருளில் தனியே அமர்ந்து அதனைக் கண்டார். ஞாயிற்றைக் கணித்தவர்கள் அவர்களே. ஆனால் அவர்கள் கெல்ட்டிய மொழி அத்தீவுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பு வாழ்ந்து மறைந்தவர்கள். அந்த மேட்டைக் காட்டி அதனையும் கெல்ட்டியர் விழாவோடு சேர்த்துப் பேசுவது சுற்றுலாக் கையேடுகளின் பழக்கம்.

கெல்ட்டியரின் நான்கு நாட்களை வகுத்தவை மாடுகள். பழைய அயர்லாந்தில் செல்வம் என்றால் கறவை மாடு. சட்டநூல்களில் தண்டமும் மாட்டுக் கணக்கிலேயே அளக்கப்பட்டது. பெல்ட்டேன் நாளில் மாடுகளை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றனர். இளையோர் அங்கே குடில் அமைத்துக் கோடை முழுதும் தங்கி வெண்ணெய் கடைந்தனர். சௌவின் நாளில் எல்லாம் வீடு திரும்பின. இடையில் வரும் இம்போல்க், ஆடு ஈன்று பால் சுரக்கும் பருவம். காஷல் நகரத்து அரசரும் ஆயருமாக இருந்து கி.பி. 908-இல் போரில் இறந்த கோர்மாக் என்பவர் பெயரால் வழங்கும் சொற்பொருள் ஏடு, அந்நாளின் பெயருக்கு ஆட்டுப்பால் என்றே பொருள் கூறுகிறது. லூனசா முதல் விளைச்சலின் நாள். ஆண்டு, இருளும் ஒளியுமாக இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியும் மீண்டும் இரண்டு. இவ்வளவே அதன் அமைப்பு.

இதிலிருந்து ஒன்று புலப்படுகிறது. அந்த நாட்களில் மனிதர் நின்று சிந்தித்தனர் என்றால், அச்சிந்தனை ஓய்விலிருந்து பிறந்ததன்று, கணக்கிலிருந்து பிறந்தது. சௌவின் அன்று மந்தை வீடு திரும்பியதும் உழவன் முன் நின்ற வினா மிக எளியது, மிகக் கொடியது. இருக்கும் உலர்புல் எத்தனை வாய்க்குப் போதும்? போதாத அளவுக்கு எந்த மாட்டை வெட்டுவது? அந்தக் கணக்கு மாட்டோடு நிற்கவில்லை. சென்ற ஆண்டு இதே நாளில் அடுப்பைச் சுற்றி அமர்ந்தவருள் இவ்வாண்டு இல்லாதவர் யார், அடுத்த ஆண்டு இல்லாமற் போகப் போகிறவர் யார் என்ற கணக்கும் உடன் வந்தது.

அந்த இரவில் இறந்தோர் வீடு திரும்புவர் என்று நம்பினர். கதவைத் தாழிடாமல் விட்டனர். அடுப்பை நன்கு எரியவிட்டு, அதன் அருகே இருக்கைகளை ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டு உறங்கச் சென்றனர். சில வீடுகளில் அடுப்புச் சாம்பலைத் தட்டிச் சமமாக்கி வைப்பர். காலையில் அதில் காலடித் தடம் தெரிந்தால், அது எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று பார்ப்பர். வாயிலை நோக்கினால் வீட்டில் ஒரு சாவு. கன்னியர் இரண்டு கொட்டைகளுக்குத் தம் பெயரும் விரும்பியவன் பெயரும் இட்டு நெருப்பருகே வைத்தனர். இரண்டும் அமைதியாக வெந்தால் மணம். ஒன்று வெடித்துத் தள்ளிப் போனால் பிரிவு. இவற்றை வெறும் விளையாட்டு என்று கூறிவிடலாம். அப்படிக் கூறுவோர், கொட்டை வெடித்தபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சௌவின் இரவைப் பற்றிய பழங்கதைகளுள் நெராவின் கதைக்கு ஈடானது வேறொன்று இல்லை எனலாம். அயர்லாந்தின் மேற்கே, இன்றைய ரோஸ்காமன் மாவட்டத்தில், ராத்குரோகன் என்னும் பழைய அரசிருக்கை உள்ளது. அங்கே அலில் அரசனும் மேவ் அரசியும் சௌவின் இரவில் வீட்டாரோடு அமர்ந்திருக்கின்றனர். அண்டாவில் உணவு கொதிக்கிறது. முந்தைய நாள் தூக்கிலிடப்பட்ட இரண்டு கைதிகளின் உடல்கள் வெளியே தொங்குகின்றன. அவற்றுள் ஒன்றின் காலில் முறுக்கிய கொடி வளையம் ஒன்றைக் கட்டிவிட்டு வருவோனுக்குக் கேட்ட பரிசு உண்டு என்கிறான் அரசன். வீரர் ஒவ்வொருவராக எழுந்து போய், போன வேகத்தில் திரும்புகின்றனர். அவ்வளவு இருள், அவ்வளவு அச்சம்.

நெரா மட்டும் சென்று கட்டுகிறான். பிணம் பேசுகிறது. தூக்கிலிட்டபோது தாகமாக இருந்தது, தண்ணீர் குடிக்கக் கொண்டு போ என்கிறது. அவன் அதனை முதுகில் சுமந்து செல்கிறான். முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு வளையம். அந்த வீட்டார் இரவில் அடுப்பை ஒழுங்காக மூடி வைப்பவர்கள், அங்கே நுழைய முடியாது. இரண்டாம் வீட்டைச் சுற்றி நீர் வளையம். அவர்கள் கழுவிய நீரை உறங்குமுன் கொட்டிவிடுபவர்கள், அங்கும் இடமில்லை. மூன்றாம் வீட்டில் கழுவிய நீர் தொட்டியில் அப்படியே கிடக்கிறது. பிணம் அதனைக் குடிக்கிறது. இறுதி மிடற்றை வீட்டார் முகத்தில் துப்புகிறது. அவர்கள் அனைவரும் இறக்கின்றனர். அன்றாட வீட்டுவேலையில் ஒரு சிறு பணியை விட்டதற்கு எவ்வளவு பெரிய விலை! கதைசொல்லி இதற்கு அறவுரை ஏதும் நீட்டவில்லை. இதனால்தான் அவற்றை இரவில் விட்டுவைப்பது நல்லதன்று என்று ஒரு வரியில் கூறிவிட்டு மேலே செல்கிறான்.

பிணத்தை மீண்டும் தூக்குமரத்தில் சேர்த்துவிட்டு நெரா திரும்பும்போது அரசிருக்கை எரிந்து கிடக்கிறது. வீட்டாரின் தலைகள் குவியலாகக் கிடக்கின்றன. எரித்துச் சென்ற கூட்டத்தைப் பின்தொடர்ந்து ஒரு குகைக்குள் நுழைகிறான். அது மாயமக்களின் உலகம். அங்கே அவனுக்கு ஒரு வீடும் மனைவியும் அமைகின்றன. அந்த மனைவிதான் உண்மையைச் சொல்கிறாள்: நீ கண்டது நடந்ததன்று, நடக்கப் போவது, உன் மக்களை எச்சரிக்காவிட்டால் அடுத்த சௌவினில் அது மெய்யாகும். அவர்கள் இன்னும் அதே அண்டாவைச் சுற்றித்தான் அமர்ந்திருக்கிறார்கள், உணவு அடுப்பிலிருந்து இறக்கப்படவும் இல்லை, போ என்கிறாள். நம்பமாட்டார்களே என்று அவன் தயங்க, கோடையின் விளைவுகளை எடுத்துச் செல் என்கிறாள். நெரா காட்டுப்பூண்டும், பிரிம்ரோஸ் மலரும், பொன்னிறப் பெரணியும் கையில் ஏந்திக் குளிர்கால இருளுக்குள் வந்து நிற்கிறான். அங்கே அண்டா இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

எல்லை நாள் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை அரிது. காலம் ஒரு கணம் நிற்கிறது. நின்ற இடத்தில், வரப்போகும் அழிவு காட்டப்படுகிறது. காட்டப்பட்டபின் ஓராண்டுத் தவணையும் கொடுக்கப்படுகிறது. அந்தத் தவணையை அலில் அரசனின் மக்கள் எப்படிப் பயன்படுத்தினர் என்பதையும் கதை மறைக்கவில்லை. அவர்கள் முந்திக்கொண்டு குகைக்குள் புகுந்து மாயமக்களைக் கொள்ளையிட்டனர். எச்சரித்த நெரா தன் குடும்பத்தோடு அந்தக் குகைக்குள்ளேயே தங்கிவிட்டான். உலக முடிவு வரை வெளியே வரமாட்டான். பூனைகளின் குகை என்று பெயர் பெற்ற அது இன்றும் ராத்குரோகனில் இருக்கிறது. முட்செடியின் அடியில், ஒருவர் தவழ்ந்து நுழையத்தக்க வாயில்.

இம்போல்க் இதனினும் மென்மையானது. புனித பிரிஜிட்டின் நாளாக மாறிய பின்னர், அதன் முந்தைய இரவில் ஒரு பெண் கோரைக் கற்றையோடு வாயிலுக்கு வெளியே நின்று, பிரிஜிட்டை உள்ளே விடுமாறு கேட்பாள். உள்ளிருப்போர் வரவேற்பு கூறுவர். அக்கோரையால் சிலுவை முடைந்து கூரையின் அடியில் செருகினர். ஒரு துணியை இரவு முழுதும் வெளியே போட்டு வைத்து, பனியில் நனைந்த அதனைத் தலைவலிக்கும், ஈனமுடியாமல் தவிக்கும் பசுவுக்கும் மருந்தாக வைத்துக்கொண்டனர். இங்கும் கணக்கு உண்டு. அந்நாளில் உழவன் தன் புற்போரைச் சென்று பார்ப்பான். பாதி மீதியிருந்தால் குளிர்காலத்தைக் கடந்துவிடலாம். பாதிக்கும் கீழே என்றால், புல் முளைப்பதற்குள் சில வாய்கள் பட்டினி. கில்டேர் நகரத்தில் பிரிஜிட்டின் கன்னியர் அணையா நெருப்பு ஒன்றைக் காத்து வந்தனர் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே சென்ற வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் எழுதினார். பத்தொன்பது கன்னியர் முறை வைத்து ஓரிரவு காப்பர். இருபதாம் இரவு நெருப்பை அப்புனிதையிடமே விட்டுவிடுவர். விறகு குறையும், நெருப்பு மட்டும் அணையாது என்பது அவர் கேட்ட செய்தி.

பெல்ட்டேன் நெருப்பின் நாள். இரண்டு நெருப்புகளை மூட்டி அவற்றுக்கு இடையே மாடுகளை நோய் அணுகாதபடி ஓட்டினர் என்று கோர்மாக் ஏடு குறிப்பிடுகிறது. 1769-இல் ஸ்காட்லாந்தில் பயணம் செய்த தாமஸ் பென்னன்ட் கண்டெழுதிய சடங்கு இன்னும் நுட்பமானது. மேய்ப்பர் ஒன்பது குமிழ்கள் உள்ள ஓட்ஸ் அப்பத்தை ஏந்தி, நெருப்பை நோக்கி நின்று, குமிழ்களை ஒவ்வொன்றாகப் பிட்டுத் தோளுக்குப் பின்னால் எறிவர். முதலில் மந்தையைக் காக்கும் தெய்வங்களுக்கு. பின்னர் நரிக்கு, காகத்துக்கு, கழுகுக்கு. அழிப்பவனுக்கும் பங்கு கொடுத்துத்தான் கோடையைத் தொடங்கினார்கள். இந்நாளுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. மே முதல் நாளன்று வீட்டை விட்டு நெருப்போ, பாலோ, வெண்ணெயோ வெளியே போகக்கூடாது. போனால் அவ்வாண்டின் நற்பேறு முழுதும் உடன் போகும். அன்று நெருப்புக் கேட்டு வந்த அண்டைவீட்டுக் கிழவியைச் சூனியக்காரி என்று ஐயுற்றனர். விழாக்களின் அழகை மட்டும் எடுத்துப் பேசுவோர் இதனை விட்டுவிடுகின்றனர்.

இறுதியாக லூனசா. லூ என்னும் தெய்வம் தன் வளர்ப்புத் தாய் டால்டியுவின் நினைவாக நிறுவிய கூட்டம் என்று மரபு கூறும். அவள் காட்டை வெட்டி வயலாக்கிய உழைப்பிலே இறந்தவள். மீத் மாவட்டத்தில் டெல்டவுன் என்னும் இடத்தில் இந்நாளில் போட்டிகளும் வழக்காடலும் திருமண ஒப்பந்தங்களும் நடந்தன. ஆகவே அறுவடை விழாவின் அடியில் ஓர் இழவு இருக்கிறது. கூட்டங்கள் மறைந்த பிறகும், மக்கள் ஜூலை இறுதி ஞாயிறன்று மலையேறி, காட்டுப்பழம் பறித்து, புதுக் கிழங்கைத் தோண்டி உண்டனர். மேயோ மாவட்டத்தில் 764 மீட்டர் உயரமுள்ள குரோக் பாட்ரிக் மலைக்கு இன்றும் அந்த ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் ஏறுகின்றனர், சிலர் வெறுங்காலோடு. இப்பழக்கங்களின் வேரை மோய்ரா மக்நீல் 1962-இல் வெளியிட்ட பெருநூலில் ஆராய்ந்துள்ளார்.

அந்தப் புதுக் கிழங்கு ஏன் அவ்வளவு பெரிதாயிற்று? ஜூலை மாதம் பசியின் மாதம். பழைய உருளைக்கிழங்கு தீர்ந்திருக்கும், புதியது முற்றியிராது. முட்டைக்கோசைக் கொண்டு காலம் கழித்ததால் அம்மாதத்திற்கு முட்டைக்கோசு ஜூலை என்றே பெயர் வழங்கிற்று. லூனசாவுக்கு முன்னே கிழங்கைத் தோண்டுவது இழுக்கு. குடும்பத்தைக் காக்கத் தெரியாதவன் என்று ஊர் பேசும். அடுப்பருகே காத்திருந்து, அந்த ஞாயிறன்று மண்ணில் முதல் மண்வெட்டி இறங்கும்போது, ஓர் ஆண்டின் தீர்ப்பு அதில் வெளிப்படும்.

1846-ஆம் ஆண்டு அந்தத் தீர்ப்பு வேறுவிதமாக வந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் தோன்றிய கிழங்கு நோய் விளைச்சலில் ஒரு பகுதியை அழித்திருந்தது. மக்கள் எஞ்சியதை விதைத்துவிட்டு லூனசாவை நோக்கிக் காத்திருந்தனர். மதுவிலக்கு இயக்கத்தை நடத்திய பாதிரியார் தியோபால்ட் மேத்யூ ஜூலை 27 அன்று கார்க் நகரிலிருந்து டப்ளினுக்குச் சென்றார். வழி முழுதும் கிழங்குச் செடிகள் பூத்துச் செழித்திருந்தன. ஆகஸ்டு 3 அன்று திரும்பினார். அதே வழியில் அழுகிய பசுமை மட்டுமே பரந்து கிடந்தது. வேலியோரங்களில் மக்கள் அமர்ந்து கைகளைப் பிசைந்து அழுதுகொண்டிருந்ததாக அவர் அரசுக்கு எழுதினார். அந்த இரு தேதிகளுக்கு நடுவில்தான் லூனசா இருந்தது.

இன்னொரு தேதியும் அருகில் நின்றது. பல பண்ணைகளில் குத்தகைத் தவணை மே முதல் நாளிலும் நவம்பர் முதல் நாளிலும் விழுந்தது. மாடு மேட்டுக்குச் சென்ற நாளும் திரும்பிய நாளும் நிலக்கிழாரின் கணக்குப் புத்தகத்தில் வசூல் நாட்களாக மாறியிருந்தன. புதிய குடியானவனுக்கு அரையாண்டு நிலுவை வைத்துக்கொள்ள இடம் கொடுப்பது வழக்கம். அது சலுகை போலத் தோன்றும். ஆனால் என்றும் கடனாளியாக இருக்கும் அவனை எந்த நேரமும் வெளியேற்றலாம் என்பதே அதன் உட்பொருள். 1846 நவம்பரில் சௌவின் இரவு வந்தபோது, யார் இறப்பார் என்று சாம்பலைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. 1841-இல் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த தீவின் மக்கள்தொகை 1851-இல் 66 இலட்சம். பத்து இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தனர், ஏனையோர் கப்பலேறினர். அவர்களோடு சௌவின் இரவும் அமெரிக்கா சென்றது. டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள் அங்கே எளிதாகக் கிடைத்த பூசணியைக் குடைந்தனர். இன்று உலகின் கடைத்தெருக்களில் ஹாலோவீன் என்று விற்கப்படுவது அதுதான்.

இக்காலத்தில் இவ்விழாக்களைப் பற்றி எழுதப்படும் நூல்கள் பல, எட்டு ஆரங்கள் கொண்ட ஆண்டுச் சக்கரம் ஒன்றைப் பண்டைக் கெல்ட்டியரின் சொத்தாகக் காட்டுகின்றன. நான்கு எல்லை நாட்களோடு ஞாயிற்றின் நான்கு நாட்களையும் சேர்த்த அச்சக்கரம், 1950-களில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. இலையுதிர்காலச் சமநாளுக்கு இடப்பட்ட 'மாபன்' என்னும் பெயர் 1970-களில் அமெரிக்காவில் சூட்டப்பட்டது. இத்தகைய புனைவுக்கு முன்னோடி இல்லாமலில்லை. 1792 ஜூன் 21 அன்று இலண்டனின் பிரிம்ரோஸ் குன்றில், இயோலோ மோர்கானுக் என்னும் வெல்ஷ் கவிஞர் சில கற்களை வட்டமாக அடுக்கிப் பண்டைப் புலவர் அவை என்று அறிவித்தார். அது அவருடைய கற்பனை. ஆயினும் வேல்ஸ் நாட்டு இலக்கியப் பெருவிழாவில் அந்த அவை இன்றும் ஆகஸ்டு மாதத்தில் கூடித் தக்க கவிஞர்க்கு முடிசூட்டுகிறது. பொய்யாகப் பிறந்த ஒன்று இருநூறு ஆண்டுகள் ஒரு மொழியைத் தாங்கிப் பிடித்திருப்பதை ஏளனம் செய்வது எளிது. இலக்கிய வட்டம் ஒன்றைப் பத்தாண்டு நடத்தியவர்கள் அதனை எளிதில் செய்யமாட்டார்கள்.

எதிர்ப்புறத்திலும் மிகை உண்டு. சௌவினை ஒழிக்கவே திருச்சபை அனைத்துப் புனிதர் நாளை நவம்பர் முதல் நாளில் வைத்தது என்பது பலரும் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. ஆனால் கி.பி. 800-ஐ ஒட்டி அயர்லாந்தில் எழுந்த புனிதர் நாட்காட்டி அந்த விழாவை ஏப்ரல் 20-இல் காட்டுகிறது. நவம்பர் தேதி இங்கிலாந்திலும் ஜெர்மானிய நிலங்களிலுமே முதலில் காணப்படுகிறது. வரலாற்றறிஞர் ரொனால்ட் ஹட்டன் 1996-இல் இதனைச் சுட்டிக்காட்டிய பின்னரும் பழைய செய்தியே பரவிவருகிறது. இறந்தோர் நினைவும் அடுப்பங்கரை இருக்கையும் எந்த அளவு பழைய சமயத்தின் எச்சம், எந்த அளவு கிறித்துவத்தின் கொடை என்று இன்று பிரித்துக் கூற இயலாது. சாம்பலைத் தட்டிவைத்த கைகளுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவும் இல்லை.

கில்டேர் நகரத்து நெருப்பை 1993-இல் பிரிஜிட்டின் பெயர் தாங்கிய துறவியர் மீண்டும் ஏற்றினர். 2023 முதல் அவர் திருநாளை ஒட்டி அயர்லாந்து அரசு பொது விடுமுறை விட்டுவருகிறது. அந்நாட்டில் பெண் ஒருத்தியின் பெயரால் அமைந்த முதல் விடுமுறை அது. ஆகஸ்டு முதல் திங்கட்கிழமை முன்னரே விடுமுறை. 1977 முதல் அக்டோபர் இறுதித் திங்களும், 1994 முதல் மே முதல் திங்களும் சேர்ந்திருந்தன. இவ்வாறு எமெர் எண்ணிக் காட்டிய நான்கும் ஏறத்தாழ அரசின் நாட்காட்டியில் வந்து அமர்ந்துவிட்டன.

அந்நாட்களில் முன்னோர் செய்தவற்றை இன்று அறிய முடிவதற்குக் காரணம் பள்ளிப்பிள்ளைகள். 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் ஏற்பாட்டில், தென்பகுதியின் இருபத்தாறு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளைச் சேர்ந்த 50,000 மாணவர்கள், வீட்டு முதியோரிடமும் அண்டை அயலாரிடமும் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதினர். கோரைச் சிலுவை, மே நாளில் வெளியே தராத வெண்ணெய், நெருப்பருகே வைத்த கொட்டைகள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்புகளுள் விழா வழக்கங்கள் ஒன்று, பஞ்சகாலம் மற்றொன்று. ஆணையத்தின் அந்தத் தொகுப்பு 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஏடுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ளன. எழுதிய பிள்ளையின் பெயரும், சொன்ன முதியவரின் பெயரும், அவர் வயதும் பல பக்கங்களின் ஓரத்தில் மையில் குறிக்கப்பட்டிருக்கின்றன.